பதினான்காம் பீப்பாயில் விழுந்த எச்சில்

எங்கள் பாரிஸ் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் இந்த முறை ஓய்வுபெற்றவர்கள் எழுத வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. தபாலகத்தில் இருந்த ஒருவர், மெத்ரோ ரயிலில் இருந்த ஒருவர், மருத்துவமனைச் சமையலறையில் இருந்த ஒருவர், பிறகு நான். மலர்க்குழுவிலிருந்து பேசிய தம்பி மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

"அன்ரி, நீங்கள் எங்கை வேலை செய்தனீங்கள் எண்டு போடுறது?"

"வைன் ஆய்வுகூடத்திலை."

அந்தப் பக்கம் பேனாவைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"பழச்சாறு ஆய்வுகூடம் எண்டு போடட்டோ அன்ரி?"

போடலாம்தான். என் அக்காவும் ஊராருக்கு அப்படித்தான் சொல்லி வந்தாள். பழச்சாற்றைப் பீப்பாயில் ஊற்றிவிட்டு ஏழெட்டு மாதம் பொறுத்திருந்தால் என்ன கிடைக்குமோ அதைத்தான் நான் ஆய்வு செய்தேன். ஆகவே முழுப் பொய்யும் இல்லை. ஆனால் தம்பி தொலைபேசியை வைக்கும் முன் இன்னொன்றும் கேட்டார். "இப்ப ஒரு மெசினுக்குள்ளை ஊத்தினா ஒரு நிமிசத்திலை எல்லா எண்ணும் வருமாமே. நீங்கள் நாள் முழுக்க என்ன செய்தனீங்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. ஆகவே வைன் ஆய்வுகூடம் என்றே போடவும்.

படிப்பைப் பற்றி ஐந்து வரி போதும். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் பட்டம். எண்பத்து நான்கில், இருபத்தைந்து வயதில், பாரிசுக்கு வந்தேன். ஒன்றரை வருடம் ஒரு காப்புறுதி அலுவலகத்தின் மூன்று மாடிகளை விடியற்காலையில் துடைத்தேன், பின்னேரங்களில் பிரெஞ்சு படித்தேன். பிறகு ஒன்பது மாதம் ஆய்வுகூட உதவியாளர் பயிற்சி. அது முடிந்ததும் முப்பத்தொரு இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். இருபத்தொன்பது இடங்களிலிருந்து பதில் இல்லை, ஒருவர் வேண்டாம் என்று எழுதினார், ஒருவர் வரச் சொன்னார்.

வரச் சொன்ன இடம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து ஆறு நிமிடம். அக்கா, அத்தான், நான் மூவரும் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஐந்தாம் மாடியில் இருந்தோம். அப்போது எங்கள் லாச்சப்பல் பகுதியில் கறிவேப்பிலை கிடைக்கும் கடை இரண்டோ மூன்றோதான். சரக்கு ரயில்கள் வந்து நிற்கும் பக்கமாக நடந்தால் ஒரு பழைய கல் கட்டடம். அதன் அடியில் நீண்ட நிலவறை, மேலே ஒற்றை அறை ஆய்வுகூடம். பூர்கோன் என்ற வைன் மாகாணத்தில் நான்கு தலைமுறையாகத் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தின் பாரிஸ் கிளை அது. ரயிலில் பீப்பாய் வந்த காலத்தில் பாட்டனார் பிடித்த இடமாம். வசந்தத்தில் முப்பது பீப்பாய் வெள்ளை வைன் அங்கே வந்து இறங்கும். பாரிஸ் உணவகக்காரர்கள் வந்து, பீப்பாயிலிருந்தே சுவைத்துப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். கோடை முடிவில் போத்தலில் அடைப்பார்கள்.

அந்த வெள்ளை வைனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் பலர் சாற்றைப் பெரிய உருக்குத் தாங்கிகளில் நொதிக்க விட்டார்கள். இந்தக் குடும்பம் விடவில்லை. பிழிந்த சாறு நேரே ஓக் பீப்பாய்க்குள் போகும். நுரை பொங்க மேலே கொஞ்சம் இடம் விட்டு, அங்கேயே நொதித்து, அங்கேயே மண்டியோடு குளிர்காலம் முழுக்கக் கிடக்கும். தாங்கி என்றால் ஒரே குணம். முப்பது பீப்பாய் என்றால் முப்பது குணம். ஒன்று மூன்று வாரத்தில் நொதித்து முடிக்கும், பக்கத்தில் இருப்பது மார்கழி வரை முணுமுணுக்கும். நொதித்து முடிந்த பிறகு காற்றுப் படவே கூடாது. ஆனால் மரம் சும்மா இருக்காது, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்கும். பீப்பாய்க்குள் வைன் இறங்கினால் அந்த இடத்தில் காற்று வந்து உட்காரும். அதனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முப்பது பீப்பாயின் மேலடைப்பையும் திறந்து, நீண்ட மூக்குள்ள பூவாளி போன்ற பாத்திரத்தால் விளிம்பு வரை நிரப்புவார்கள்.

அந்த நிரப்பும் வேலை மரியதாஸ் அண்ணையுடையது. மன்னார்க்காரர், நாற்பது வயது, ஆறு வருடமாக அங்கே இருந்தார். என்னை முதல் நாள் மேலும் கீழும் பார்த்தார்.

"பிள்ளை கோயிலுக்குப் போறனீரோ, சேர்ச்சுக்கோ?"

"கோயிலுக்கு, அண்ணை."

"அப்ப வைன் குடிச்சே இருக்க மாட்டீர். நல்லது. இஞ்சை இருக்கிறவை எல்லாருக்கும் வைன் தெரியும். ஒருத்தருக்காவது இரசாயனம் தெரியட்டும்."

எனக்கு மூன்று மாதப் பரீட்சைக் காலம். அது நன்றாக முடிந்தால் நிரந்தர ஒப்பந்தம். முடியாவிட்டால் காப்புறுதி அலுவலகத்தின் மூன்று மாடியும், வாளியும், துடைப்பமும். பழைய மேற்பார்வையாளர் நான் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று அன்போடு சொல்லி அனுப்பியிருந்தார். 

என் மேலாளர் மதாம் கொலெத், தோட்டக் குடும்பத்தின் மூத்த மகள். ஐம்பது வயது, ஒல்லி, நீலக் கோட்டு. ஒருபோதும் குரலை உயர்த்தாதவர். அவருடைய ஆயுதம் மூக்கு. காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பார். நான் வணக்கம் சொல்வேன். அவர் சற்றே குனிந்து இரண்டு முறை மூச்சிழுத்துவிட்டுத்தான் பதில் வணக்கம் சொல்வார். வாசனைச் சவர்க்காரம், தலைக்கு நல்லெண்ணெய் அல்லது தேங்காயெண்ணெய், பதினொரு மணிக்கு முன் கோப்பி, எல்லாம் தடை. வைனை முகரும் இடத்தில் மனிதருக்கு மணம் இருக்கக் கூடாது என்பது சட்டம்.

"கடுகு," என்றார் முதல் வாரத்தில். "நேற்றிரவு. எண்ணெயில் பொரித்தது."

அன்று முதல் என் உடுப்புகள் சமையல் முடியும்வரை கதவுக்கு வெளியே, படிக்கட்டில் தொங்கின. அக்கா இதை நம்பவில்லை. ஒருநாள் எனக்குத் தெரியாமல் என் கோட்டுப் பைக்குள் ஒரே ஒரு ஏலக்காயைப் போட்டு அனுப்பிவிட்டாள். மதாம் இரண்டு முறை மூச்சிழுத்தார்.

"ஏலக்காய்," என்றார். "இடது பை."

நான் கையை விட்டு எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் அதை ஒரு காகித உறையில் போட்டு, தேதி எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்தார். அக்கா அதற்குப் பிறகு அவரை மனிதப் பிறவியாகவே எண்ணவில்லை.

இனி, நாள் முழுக்க என்ன செய்தேன் என்பது. பல சோதனைகள் உண்டு, ஆனால் முக்கியமானது ஒன்று. வைன் வினாகிரியாக மாறத் தொடங்குகிறதா என்று சொல்லும் எண், ஆவியாகும் அமிலத்தின் அளவு. முதலில் வைனைக் குலுக்கி, கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டை வெளியேற்ற வேண்டும். இருபது மில்லிலீற்றர் அளந்து குடுவையில் இட்டு, கீழிருந்து நீராவி விட வேண்டும். புட்டு அவிப்பது போலத்தான், ஆனால் புட்டை எறிந்துவிட்டு ஆவியைப் பிடித்துவைக்க வேண்டும். அந்த ஆவி குளிர்ந்து கால் லீற்றர் நீராகச் சேர்ந்ததும் இரண்டு துளி நிறங்காட்டி. பிறகு அளவி என்ற கோடு போட்ட கண்ணாடிக் குழாயைத் திறந்து காரத்தைத் துளி துளியாக விட வேண்டும். ஒரு துளியில் இளஞ்சிவப்பு வந்து மறையும். இன்னும் ஒரு துளி. அந்த நிறம் பத்து விநாடி நின்றால் நிறுத்தி, அளவியை வாசிக்க வேண்டும். அதன் பிறகு வைனில் உள்ள கந்தகத்துக்காகக் கழிக்க வேண்டியதை அயடீனால் அளந்து கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் இரண்டாவது முறை செய்து, இரண்டு எண்ணும் ஒத்துப்போனால்தான் குறிப்பேட்டில் ஏற்றலாம். ஆறு பீப்பாய்க்கு ஒரு நாள் போய்விடும். தம்பியின் மெசினுக்கு நிறம் பார்க்கும் சந்தோசம் கிடையாது.

மதாமின் தந்தை, தோட்டத்தின் உரிமையாளர் மெசியூ ஒக்தாவ், வசந்த காலத்தில் வியாழன்தோறும் ரயிலேறி வருவார். எழுபத்து மூன்று வயது. கழுத்துப்பட்டி கட்டி, ரப்பர் சப்பாத்து போட்டிருப்பார். முழங்கால் சரியில்லாததால் படியிறங்கியதும் இருக்கும் முதல் பீப்பாயோடு நின்றுவிடுவார். இலக்கங்கள் தோட்டத்திலேயே போட்டவை, அங்கே நின்றது பதினான்காம் பீப்பாய். சட்டைப் பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றிய ஒரு கிளாஸை எடுப்பார். ஒரே கிளாஸ்.

முதல் வியாழன் நான் பார்த்தது இது. பீப்பாயின் முகப்பில் சிறு துளை, அதில் விரலளவு மரமுளை. முளையைத் தளர்த்தினால் வைன் நூலாகப் பாயும். அவர் பிடித்தார், முகர்ந்தார், வாயில் வைத்துக் கொப்பளித்தார், வடிகாலில் துப்பினார். அதே கிளாஸை மகளிடம் கொடுத்தார். மகளும் அவ்வாறே செய்தார். பிறகு அதே கிளாஸ் என்னிடம் வந்தது.

எங்கள் வீட்டில் ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை. எனக்கு யோசிக்க இரண்டு விநாடிதான் இருந்தது. தலையை அண்ணாந்து, கிளாஸை ஒரு சாண் மேலே பிடித்து, வாய்க்குள் ஊற்றினேன். தண்ணீர் குடிக்கிற பழக்கத்தில் விழுங்கியும்விட்டேன். பாதி மூக்கால் வந்தது.

மெசியூ ஒக்தாவ் சுற்றி வந்து என் தொண்டையைப் பார்த்தார்.

"இதை எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள்?"

"எங்கள் ஊரில் எல்லோரும் இப்படித்தான், மெசியூ. தண்ணீரை."

"தண்ணீரையா," என்றார். அவ்வளவு திறமை வீணாகிறதே என்ற வருத்தம் முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு அவர் செய்ததுதான் விசயம். கிளாஸில் மிச்சம் இருந்ததைச் சுழற்றினார், பீப்பாயின் மேலடைப்பைத் திறந்தார், உள்ளே ஊற்றினார், அடைப்பைத் தட்டி மூடினார். பத்து மணிக்கு வந்த உணவகக்காரர் இருவர் மற்றப் பீப்பாய்களிலிருந்து சுவைத்த மிச்சமும் அவர் கைக்கு வந்து, அதே பதினான்குக்குள் போனது. நான் மரியதாஸ் அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, உவர் எச்சிலைத் திரும்ப ஊத்துறார்."

"ஓம் பிள்ளை. ஆறு வருசமாப் பாக்கிறன். உவையின்ரை பக்கத்திலை எல்லாரும் அப்பிடித்தானாம். ஒரு சொட்டும் வீணாக்கக் கூடாதாம்."

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையோ?"

"என்னெண்டு சொல்லுறது? எச்சிலுக்குப் பிரெஞ்சிலை என்ன?"

யோசித்தேன். துப்பலுக்குச் சொல் இருந்தது, உமிழ்நீருக்கு இருந்தது. ஒருவர் வாய் பட்டதனால் ஒரு பொருளுக்கு வந்துசேரும் நிலைமைக்கு ஒன்றும் இல்லை.

"பூசையிலை பாதர் கூடக் குடிச்சுப்போட்டுக் கிண்ணத்தைத் துடைக்கிறவர்," என்றார் அண்ணை. "உவர் துடைக்கிறதும் இல்லை."

இரண்டு மாதம் கழித்து, மே மாத நடுவில், முப்பது பீப்பாயையும் வரிசையாகச் சோதித்து முடித்தேன். இருபத்தொன்பது பீப்பாய் லீற்றருக்கு 0.36 கிராம் சுற்று வட்டாரத்தில் இருந்தன. பதினான்கு மட்டும் 0.44.

மதாம் குறிப்பேட்டைப் பார்த்தார். "காபனீரொட்சைட்டை வெளியேற்றினீர்களா?"

"ஓம்" என்று தமிழில் வாய்வரை வந்தது. "ஆம், மதாம். இரண்டு முறை."

அவர் தானே கோட்டுக் கையை மடித்துவிட்டு முழுச் சோதனையையும் செய்தார். எனக்கு 0.44 வந்த இடத்தில் அவருக்கும் 0.44. பேனாவை மூடி வைத்தார்.

"கெட்டுப்போகவில்லை. ஆனால் போகப் பார்க்கிறது. உங்கள் பரீட்சைக் காலம் முடிய எத்தனை நாள்?"

"மூன்று வாரமும் ஒரு நாளும், மதாம்."

"அளக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏன் என்று சொல்லத் தெரிந்தவர்தான் எனக்கு வேண்டும். கடைசி நாளுக்குள் காரணத்தைக் கொண்டுவாருங்கள். அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோம். இல்லாவிட்டால் கைகுலுக்குவோம்."

நான் பட்டியல் எழுதினேன். பதினான்காம் பீப்பாயின் மரம், மற்றவற்றைப் போன்றதே, அதே தச்சர், அதே வயது. இடம், படிக்கட்டின் அருகே, சற்றுச் சூடு, ஆனால் பதினைந்தாம் பீப்பாயும் அருகேதான், அதற்கு ஒன்றுமில்லை. அடைப்பு, நல்ல நிலை. பிறகு, அதைத் தொடுபவர்கள்: மெசியூ ஒக்தாவ், மதாம், மரியதாஸ் அண்ணை, உணவகக்காரர். அதில் மெசியூ ஒக்தாவின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டு மதாமிடம் போனேன்.

அவர் தாளை வாசித்தார். நீண்ட நேரம் வாசித்தார்.

"என் அப்பாவின் வாய் என்கிறீர்கள்."

"வாய் என்று நான் எழுதவில்லை, மதாம். சுவைத்த மீதியைத் திரும்ப ஊற்றுதல் என்று எழுதியிருக்கிறேன்."

"அது அப்பாவின் வாய்தான்."

"அதோடு உணவகக்காரர் பலருடைய வாயும், மதாம்."

"வாயில் இருக்கும் எதுவும் இந்த வைனில் பிழைக்காது. கந்தகமும் சாராயமும் கொன்றுவிடும்."

"காற்றைக் கொல்லாது, மதாம். ஒவ்வொரு முறையும் மேலே திறக்கிறார். சுழற்றிக் காற்றேறிய வைனை ஊற்றுகிறார்."

அவர் தாளை முகர்ந்து பார்த்தார். பழக்கம்தான் என்று நினைக்கிறேன். "நிரூபியுங்கள்," என்றார்.

நிரூபிக்க ஒழுங்கான முறை வேண்டும். பதினான்காம் பீப்பாயை எவரும் நெருங்காமல் தனிமைப்படுத்தி, ஒவ்வொரு நாளும் முகப்புத் துளையால் கால் லீற்றர் எடுத்து, எண் ஏறுவது நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டேன். மேலே பிரெஞ்சில், 'சோதனையில் உள்ளது. எவரும் தொடக் கூடாது.' அதன் கீழே தமிழில், 'அண்ணை, தொட வேண்டாம்.' அண்ணைக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியும். ஆனாலும் ஆறு வருடம் அந்த இடத்தில் இருக்கும் மனிதரைப் பொதுக் கட்டளையில் அடக்குவது சரியில்லை என்று பட்டது.

முதல் வியாழன் மெசியூ ஒக்தாவ் படியிறங்கி வந்து பலகையை உரக்க வாசித்தார்.

"மிகச் சரி," என்றார். "எவரும் தொடக் கூடாது." முளையைத் தளர்த்தினார், சுவைத்தார், மிச்சத்தை மேலே ஊற்றினார்.

"மெசியூ, பலகை," என்றேன்.

"வாசித்தேனே. நல்ல கையெழுத்து."

அவருக்குச் சொந்தமான பீப்பாயில் 'எவரும்' என்ற சொல்லுக்குள் அவர் இல்லை. இரண்டாவது வியாழனும் அதேதான். நாளுக்கு நாள் எண் ஏறியது. 0.46, 0.49, 0.53. நான் தினமும் எடுத்து, தினமும் அவித்து, தினமும் இளஞ்சிவப்பைப் பார்த்து, அந்தக் கிழவரின் கிளாஸைத் திட்டிக்கொண்டு குறிப்பேட்டில் ஏற்றினேன். வரைபடத் தாளில் அந்தக் கோடு அவ்வளவு அழகாக ஏறியது. பரீட்சைக் காலத்தின் கடைசிக்கு முதல் நாள், மூன்றாவது வியாழன், எண் 0.58. வரைபடத்தை மதாமின் மேசையில் வைத்தேன். அவர் எழுந்து நிலவறைக்குப் போய் அப்பாவிடம் பேசினார். நான் படிக்கட்டில் நின்றேன்.

"ஐம்பது வருடமாக ஊற்றுகிறேன்," என்றார் மெசியூ ஒக்தாவ். "ஐம்பது வருடமாக வைன் ஒன்றும் சொல்லவில்லை."

"ஐம்பது வருடமாக யாரும் கேட்கவில்லை, அப்பா."

அவர் வரைபடத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கிளாஸில் அப்போது இருந்த மிச்சத்தை வடிகாலில் ஊற்றினார். கிளாஸைத் துடைத்து, கைக்குட்டையில் சுற்றி, மகளிடம் கொடுத்தார். "இதை வைத்துக்கொள். இனி எனக்கு வேண்டாம்." மதாம் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஒப்பந்தம் மூன்று பிரதி தட்டச்சாகிவிட்டது, நாளை காலை பத்து மணிக்குக் கையெழுத்து, அதற்காக அப்பா இன்று இரவு பாரிசில் தங்குகிறார் என்றார்.

அரை மணி நேரம் நான் உலகத்திலேயே சந்தோசமான இரசாயனப் பட்டதாரியாக இருந்தேன். பிறகு மரியதாஸ் அண்ணை வந்தார்.

"பிள்ளை, நாளையோடை உந்தப் பலகையைக் கழட்டலாமோ? பதினாலைப் பாக்கப் பாவமாக் கிடக்கு."

"ஏன் அண்ணை பாவம்?"

"எல்லாத்துக்கும் ஊத்திறன், அது மட்டும் காய்ஞ்சு போய்க் கிடக்கு. மூண்டு திங்களா நிரப்பேல்லை."

"ஏன் நிரப்பேல்லை?"

அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "நீர்தானே எழுதிவிட்டனீர், அண்ணை தொட வேண்டாமெண்டு. பிரெஞ்சிலை மட்டும் எழுதியிருந்தா நான் பொருட்படுத்தி இருக்க மாட்டன்."

டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய் மேலடைப்பைத் திறந்தேன். மூன்று வாரமும் கீழே இருக்கும் துளையால் எடுத்தேனே தவிர, மேலே ஒருமுறையும் எட்டிப் பார்க்கவில்லை. உள்ளே வைன் விரலுக்கு எட்டவில்லை. குறிப்பேட்டைத் திறந்தேன். பதினைந்து நாள், நாளுக்குக் கால் லீற்றர், மூன்றே முக்கால் லீற்றர் நானே எடுத்திருந்தேன். மரம் குடித்தது வேறு. அந்த வெற்றிடம் முழுக்கக் காற்று. அந்த அழகான கோட்டை ஏற்றியது கிழவரின் கிளாஸ் அல்ல, என் கால் லீற்றர் போத்தல். பீப்பாயைத் தொடுபவர்களின் பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தது. என் பெயர், தவமலர்.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை.

"நாளைக்குக் கையெழுத்தை வைச்சிட்டுத் திங்கள் சொல்லு. உண்மை ரெண்டு நாளிலை பழுதாப் போகாது."

நல்ல யோசனை. பட்டியலில் முதலாவதாக அதை எழுதினேன். இரண்டாவது, சொல்லாமலே விடுவது. மூன்றாவது, காலையில் முதலாளாகப் போய் அண்ணையைக் கொண்டு நிரப்பிவிட்டு, ஒன்றும் தெரியாதது போல் இருப்பது. நான்காவது, சொல்வது. நான்காவதற்கு எதிரே, வாளி, துடைப்பம், மூன்று மாடி என்று எழுதினேன். மற்ற மூன்றுக்கும் எதிரே எழுத ஒரே விசயம்தான் இருந்தது. ஒரு கிழவர் தன் கிளாஸைத் துடைத்து மகளிடம் கொடுத்துவிட்டார். நேர்மை என்று பெருமையடிக்க மாட்டேன். ஏலக்காயை இடது பையில் கண்டுபிடித்தவர் இதைக் கண்டுபிடிக்க மாட்டாரா என்ற பயமும் பாதி இருந்தது.

காலை பத்து மணிக்கு மேசையில் மூன்று பிரதி ஒப்பந்தம் இருந்தது. நான் அதன் மேல் என் சோதனை அறிக்கையை வைத்தேன். மதாம் வாசித்தார். வாசித்து முடித்ததும் தந்தையிடம் நீட்டினார். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்படியென்றால் கெடுத்தது நான் அல்ல?"

"0.36இலிருந்து 0.44 வரை நீங்கள், மெசியூ. அதற்கு மேலே 0.58 வரை நான்."

"எது அதிகம்?"

"என்னுடையது."

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

மதாம் கேட்டார், "பலகையில் உங்கள் மொழியில் ஒரு வரி இருந்ததே. மேலே இருந்ததன் மொழிபெயர்ப்பு என்று நினைத்தேன்."

"இல்லை, மதாம். அது மரியதாசுக்கு மட்டும். தயவுசெய்து தொட வேண்டாம் என்று."

"ஆக, எழுதியதற்குக் கீழ்ப்படிந்தவர் இந்தக் கட்டடத்திலேயே அவர் ஒருவர்தான்," என்றார் மதாம். "கீழே வாருங்கள்."

மூவரும் இறங்கினோம், கீழே அண்ணை நின்றார். மதாம் அண்ணையிடம் அளவு கோடு போட்ட பாத்திரத்தால் பதினான்கை நிரப்பச் சொன்னார். முதல் லீற்றர், இரண்டாவது, மூன்றாவது. பீப்பாய் சத்தமில்லாமல் விழுங்கியது. நான்காவது லீற்றரின் கடைசித் துளியோடு வைன் விளிம்புக்கு வந்துவிட்டது.

"நீங்கள் எடுத்தது?" என்றார் மதாம்.

"மூன்றே முக்கால். பக்கத்துப் பீப்பாய்கள் இந்த மூன்று வாரத்தில் குடித்த அளவு முக்கால். மொத்தம் நான்கரை இறங்கியிருக்க வேண்டும், மதாம்."

"அரை லீற்றர் குறைகிறது. அது எங்கே?"

அண்ணை மெல்லத் திரும்பினார். நானும் திரும்பினேன். மெசியூ ஒக்தாவ் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"நீ எடுத்துக்கொண்டே இருந்தாய், மத்மசெல்," என்றார். நீங்கள் போய் நீ வந்தது அன்றுதான். "உணவகக்காரர் மற்றப் பீப்பாய்களில் சுவைத்த மிச்சமெல்லாம் என் கையில் இருந்தது. யாராவது ஊற்ற வேண்டாமா?"

மதாம் கொலெத் சிரித்து நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் மட்டும் ஆடியது. மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது பழைய மதாம்.

"மத்மசெல் தவமலர், நான் உங்களிடம் என்ன கேட்டேன்?"

"கடைசி நாளுக்குள் காரணத்தைக் கொண்டுவரச் சொன்னீர்கள்."

"கொண்டுவந்துவிட்டீர்கள். காரணம் நீங்களாக இருக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை." ஒப்பந்தத்தைப் பீப்பாயின் மேல் வைத்தார். அவர் கையெழுத்திட்டார், நான் கையெழுத்திட்டேன். அந்தக் கிளையில் பத்தொன்பது வருடம் இருந்தேன்.

மெசியூ ஒக்தாவ் மட்டும் பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்திடாமல் நின்றார். ஒப்பந்தம் கிடக்கட்டும், முதலில் சோதனை அறிக்கை என்றார். மத்மசெல் எடுத்தது அதில் இருக்கிறது, மரம் குடித்தது இருக்கிறது, மரியதாஸ் ஊற்றாதது இருக்கிறது, ஒருவருடைய உழைப்பு மட்டும் இல்லை, அது நீதியா என்று கேட்டார். மதாம் சொல்லித்தான் பார்த்தார். அவர் அசையவில்லை. ஆகவே நான் அறிக்கையை அங்கேயே வாங்கி, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். அவர் அதை இரண்டு முறை வாசித்து, அறிக்கையிலும் ஒப்பந்தத்திலும் பெரிதாகக் கையெழுத்திட்டார்.

அந்த வரி இது: உரிமையாளரின் பங்களிப்பு, அரை லீற்றர், ஏற்கனவே சுவைக்கப்பட்டது.